முசுக்கொட்டை மரம் முதல் கார்பன் நார் வரை: பிள்ளைகளின் கையில் ஒரு ஹாக்கி மட்டை



ஒவ்வோர் ஆண்டும் புறப்பாடக் குழுக்கள் அமைக்கப்பட்டு முடிந்ததும் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், பிள்ளை ஹாக்கியில் சேர்ந்துவிட்டான். எந்த மட்டை வாங்குவது?" கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும் விளையாட்டுப் பொருள் விற்கும் கடையினுள் நுழைந்தால் அது பெரிய கேள்வியாகிவிடுகிறது. சுவர் நிறைய வண்ண வண்ண மட்டைகள் தொங்குகின்றன. ஒன்றில் கார்பன் 20 விழுக்காடு என்றும் மற்றொன்றில் 90 விழுக்காடு என்றும் எழுதியிருக்கிறது. விலை ஏற ஏற மட்டையின் தரமும் ஏறும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, உலகக் கிண்ண வீரர் ஏந்தும் மட்டையையே பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் தந்தையர் இருக்கின்றனர். அன்பு மிகுதியால் செய்யப்படும் இச்செயல் பல வேளைகளில் பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை. அது ஏன் என்பதை அறிய அந்த மட்டை கடந்து வந்த வழியை அறிந்துகொள்வது நலம். அவ்வழி கோலாலம்பூர் வழியாகவும் செல்கிறது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

மரமும் பிரம்பும்

வளைகோற்பந்து என்று நாம் தமிழில் அழைக்கும் ஹாக்கியின் இன்றைய விதிமுறைகள் இங்கிலாந்தில் உருப்பெற்றவை. 1886ஆம் ஆண்டு இலண்டனில் ஹாக்கிச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்கால ஆங்கிலேயர் ஆஷ் என்னும் மரத்தால் மட்டை செய்தனர். ஆஷ் வலிமையான மரம். ஆனால் நெருக்கமாக வளைக்க இயலாது. ஆகவே அம்மட்டைகளின் அடிப்பகுதி நீண்டு அகன்றிருந்தது. பந்தை ஓங்கி அடிப்பதற்கு அது ஏற்றது. பந்தை இடமும் வலமுமாகப் புரட்டிக் கொண்டு செல்வதற்கு ஏற்றதன்று.

பிரிட்டிஷ் படையினரோடு இந்தியாவுக்குச் சென்ற ஆட்டம் பஞ்சாபில் வேறொரு மரத்தைக் கண்டது. அதுவே முசுக்கொட்டை, பட்டுப்புழு வளர்ப்போர் அதன் இலையை நாடுவர், மட்டை செய்வோர் அதன் கட்டையை நாடினர். முசுக்கொட்டை மரத்தை நீராவியில் சூடேற்றினால் முறியாமல் நெருக்கமாக வளைந்து கொடுக்கும். அதனால் மட்டையின் தலை குட்டையாயிற்று. தலை குட்டையானதும் மட்டையை நொடிப்பொழுதில் திருப்பி, பந்தின் மறுபுறம் கொண்டு செல்ல முடிந்தது. இந்திய ஹாக்கி என்று உலகம் வியந்த அந்தக் கைத்திறனுக்கு மணிக்கட்டு ஒரு காரணமென்றால் மரம் மற்றொரு காரணம்.

கைப்பிடிக்குப் பிரம்பு பயன்பட்டது. பிரம்பைப் பிளந்து, இடையே இரப்பர் வைத்து ஒட்டி, முசுக்கொட்டைத் தலையோடு ஆப்புப்போல் பொருத்துவர். அடியின் அதிர்வு ஆட்டக்காரரின் கையை வந்து தாக்காமல் பிரம்பு அதனை உள்வாங்கிக்கொள்ளும். கிரிக்கெட் மட்டைகளின் கைப்பிடிக்கும் பிரம்புதான். அதற்குச் சரவாக் பிரம்பு பெயர் பெற்றது. பள்ளியில் பிரம்பு என்றதும் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது வேறு. ஆனால் கையை நோகவைத்த அதே பிரம்பு, விளையாட்டுத் திடலில் கை நோகாமல் காத்தது என்பதையும் நினைவிற்கொள்ளல் தகும்.

மட்டைத் தொழிலின் தலைநகராக விளங்கியது சியால்கோட். 1947இல் நாடு பிரிவினையுற்றபோது சியால்கோட் பாகிஸ்தானில் அமைந்தது. அங்கிருந்த இந்து, சீக்கியத் தொழில்முனைவோர் பலர் எல்லை கடந்து ஜலந்தரில் மீண்டும் பட்டறை அமைத்தனர். ஒரே தொழில் இரு நாடுகளில் இரு நகரங்களாகப் பிரிந்து நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்துக்குப் போட்டியிட்டவையும் இவ்விரு நாடுகளே.

நம் நாட்டில் ஹாக்கி

மலாயாவில் ஹாக்கி தோட்டப்புறத்து ஆட்டமாகத் தொடங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் ஆட்டம் காற்பந்து. ஒரு பந்திருந்தால் இருபது பேர் ஆடலாம். ஹாக்கிக்கோ ஆளுக்கொரு மட்டை வேண்டும். சமமான புல்திடலும் வேண்டும். ஆகவே அது நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலும், அரசுப் பணியாளர் மன்றங்களிலும், இரயில்வேயைச் சுற்றியும் வளர்ந்தது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளைக் கொண்டு வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் வாழ்ந்த இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குச் சென்றபோது அங்கே ஹாக்கியும் அவர்களுக்கு அறிமுகமாயிற்று.

இதன் விளைவை 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் காணலாம். மலாயா முதன்முறையாகப் பங்கேற்ற அவ்வொலிம்பிக்கின் ஹாக்கி அணியில் செல்வநாயகம், தேவேந்திரன் முதலிய தமிழ்ப் பெயர்கள் இடம்பெற்றன. விடுதலைக்கு முந்திய ஆண்டிலேயே நம்மவர் நாட்டின் சீருடையணிந்து உலக அரங்கில் நின்றனர். காற்பந்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமிதங்கொள்கிறோம். ஹாக்கியைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம்.

கோலாலம்பூர், 1975

1975 மார்ச்சில் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியா அரையிறுதிக்கு முன்னேறியது. எம். மகேந்திரன், பூன் ஃபூக் லோக் போன்ற ஆட்டக்காரர்கள் அன்று வீட்டுக்கு வீடு அறியப்பட்ட பெயர்கள். அரையிறுதியில் இந்தியாவை எதிர்த்து நம் அணி வெற்றியின் விளிம்புவரை சென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அஸ்லம் ஷேர் கான் அடித்த கோலால் இந்தியா சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3–2 என வென்றது. மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றது. 2023 வரை நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளில் நம் நாடு அதைவிட உயர்ந்த இடத்தை எட்டவில்லை.

மார்ச் 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. வெற்றிக் கோலை அடித்த அசோக் குமார், 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற தியான் சந்தின் மகனாவார். தந்தையின் கையிலும் மகனின் கையிலும் இருந்தவை மரமட்டைகளே. நாற்பது ஆண்டுகள் இடைவெளியிருந்தும் கருவி பெரிதாக மாறியிருக்கவில்லை. அவர்கள் ஆடிய தரையும் மாறியிருக்கவில்லை, அது புல்.

தரை மாறியது, மட்டையும் மாறியது

அடுத்த ஆண்டே அது மாறியது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. நியூசிலாந்து தங்கம் வென்றது. ஓராண்டுக்கு முன் உலகக் கிண்ணம் வென்ற இந்தியா ஏழாம் இடத்துக்கும், நான்காம் இடம் பெற்ற மலேசியா எட்டாம் இடத்துக்கும் இறங்கின. தோல்விக்குத் தரை மட்டுமே காரணமென்று கூறிவிட முடியாது. ஆயினும் புல்லில் பந்து துள்ளும். அதை அடக்குவதற்குத் தனித்திறன் வேண்டும். செயற்கைத் தரையிலோ பந்து கோடு கிழித்தாற்போல் வேகமாக ஓடும். விரைவும் வலிமையும் முன்னைவிட அதிகம் தேவைப்பட்டன.

புதிய தரைக்குப் புதிய கருவி வேண்டியதாயிற்று. முதலில் மரத்தின்மேல் கண்ணாடி நாரைப் போர்த்தி வலுவூட்டினர். பிறகு மரத்தை முற்றிலும் நீக்கி, நார்களையும் பிசினையும் மட்டுமே கொண்டு மட்டை செய்யத் தொடங்கினர். 1990களில் இத்தகைய மட்டைகளுக்கு ஆட்டவிதிகள் இடமளித்தன. இன்று அனைத்துலக ஆட்டங்களில் மரமட்டையைக் காண்பது அரிது. ஆனால் விதி மரத்தைத் தடை செய்யவில்லை. உலோகம் கூடாது என்பதே விதி.

இம்மாற்றத்தில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மரம் போய்க் கார்பன் வந்தபோதும் சியால்கோட்டும் ஜலந்தரும் தொழிலை விட்டுவிடவில்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் பெயர் தாங்கிய மட்டைகள் பலவும் இன்றும் சியால்கோட்டில் செய்யப்படுபவையே. மட்டையின்மேல் ஒட்டப்பட்ட பெயருக்கும் அதைச் செய்த கைக்கும் எப்போதும் தொடர்பிருப்பதில்லை. பெயருக்காக இரட்டிப்பு விலை கொடுக்குமுன் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

'காம்போசிட்' என்பது யாது?

கடைக்காரர் 'காம்போசிட்' என்று கூறுவதை நாம் கூட்டுநார் மட்டை எனலாம். அதில் மூன்று வகை நார்கள் சேரும். கார்பன் நார் விறைப்பைத் தருவது. கண்ணாடி நார் வளைந்து கொடுப்பது, விலையும் குறைவு. கெவ்லார் என்று வழங்கும் அராமிட் நார் அதிர்வைக் குறைப்பது. இந்நார்த் தாள்களை அடுக்கடுக்காகச் சுற்றி, பிசின் ஊட்டி, அச்சினுள் வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்குவர். உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே இருக்கும்.

கார்பன் மிகுந்தால் மட்டை விறைப்பாகும். விறைத்த மட்டை அடியின் ஆற்றலைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் பந்துக்கே கொடுத்துவிடும். ஆகவே பந்து வேகமாகச் செல்லும். ஆனால் அதே விறைப்பினால், வந்து சேரும் பந்தும் மட்டையில் பட்டுத் துள்ளி ஓடும். அடி சரியான இடத்தில் படாவிட்டால் அதிர்வு முழுவதும் கைக்கு வந்து சேரும். பல்லாயிரம் முறை பயிற்சி செய்த வீரர் பந்தை மெத்தென்று ஏற்கக் கற்றிருப்பார். பத்து வயதுப் பிள்ளை அதை இனிமேல்தான் கற்க வேண்டும். கண்ணாடி நார் மிகுந்த மட்டையும், மரமட்டையும் பிள்ளையின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். உயர்நிலை மட்டை பிழையைப் பொறுப்பதில்லை. இக்கட்டுரையின் சாரம் இதுதான்.

அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம்

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்திலும் இதுவே எழுந்தது. 1939இல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பு, கூட்டுநார் மட்டைகளுக்கு 2010 திசம்பர் இறுதியில் தடை விதித்தது. தனியே சோதித்து ஏற்கப்பட்டவற்றுக்கு மட்டுமே விலக்களித்தது. காரணம் விந்தையானது. பேஸ்பாலுக்கான கூட்டுநார் மட்டையின் உள்ளீடற்ற குழல், பயன்படுத்தப் பயன்படுத்த இளகி, பந்தை இன்னும் வேகமாகத் துள்ள வைத்தது. புதிய மட்டை சோதனையில் தேறும். பழகிய மட்டை வரம்பை மீறும். பந்து வீசும் சிறுவன் குறைந்த தொலைவிலேயே நிற்பவன். அவன் முகத்தை நோக்கி வரும் பந்தைத் தடுக்க அவனுக்கு நேரம் போதாது.

2018 சனவரி முதல் அங்குச் சிறுவர் மட்டைகளுக்குப் புதிய தரக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கம், புதுப்பொருளால் செய்த மட்டையும் மரமட்டையைப் போலவே பந்தை அனுப்ப வேண்டும் என்பது. தொழில்நுட்பத்தில் முன்னோடியான நாடே, பிள்ளைகளின் பொருட்டு மரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டது. ஹாக்கி மட்டை பேஸ்பால் மட்டையைப் போல் பழகப் பழக வேகம் கூட்டுவதன்று. நாளடைவில் விறைப்பு தளர்வதே அதன் இயல்பு. எனினும் பெரியவர்களுக்கான வேகத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது தேவையா என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. அங்கே அதற்கு ஓர் அமைப்பு விடை கூறியது. நம் ஊரில் அந்த விடையைப் பெற்றோரும் ஆசிரியரும்தாம் கூற வேண்டும்.

வாங்கும்போது கருத வேண்டியவை

1. நீளமே முதன்மையானது. மட்டையைப் பிள்ளையின் பக்கத்தில் நேராக நிறுத்தினால் அதன் மேல்முனை இடுப்பெலும்பின் உச்சியை ஒட்டி வர வேண்டும். பெரியவர்களுக்கான பொது நீளம் 36.5 அங்குலம். பிள்ளைகளுக்கு அதனினும் குட்டையான பல அளவுகளில் மட்டைகள் கிடைக்கின்றன. "வளரும் பிள்ளைதானே" என்று பள்ளிச் சீருடையை வாங்குவதுபோல் இரண்டு அளவு கூட்டி வாங்கலாகாது. நீண்ட மட்டை பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்யும். ஹாக்கியோ குனிந்து ஆட வேண்டிய ஆட்டம்.

2. அடுத்தது எடை. விதிப்படி மட்டை 737 கிராமுக்கு மேற்படக் கூடாது. அது வரம்பே தவிர பரிந்துரை அன்று. இன்று பெரியவர்களே 550 கிராமுக்கும் குறைந்த மட்டைகளைப் பயன்படுத்துகின்றனர். பிள்ளை இடக்கை ஒன்றால் மட்டையை ஏந்தி, சிரமமின்றி இடமும் வலமும் திருப்ப முடிகிறதா எனக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

3. கார்பன் அளவு. தொடக்கநிலைப் பிள்ளைக்குக் கண்ணாடி நார் மட்டையோ, மரமட்டையோ, கார்பன் 30 விழுக்காட்டுக்கு மேற்படாத கூட்டுநார் மட்டையோ போதும். மாவட்ட, மாநில அணிகளுக்குத் தேர்வாகும் வயதில் பயிற்றுநரைக் கேட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

4. வளைவு. மட்டையின் தண்டு இலேசாக வில்போல் வளைந்திருக்கும். விதி அனுமதிக்கும் உச்ச வளைவு 25 மில்லிமீட்டர். மிகுந்த வளைவு, பந்தை இழுத்து வீசும் சிறப்பு ஆட்டக்காரருக்கு உரியது. அடிப்படை கற்கும் பிள்ளைக்கு வளைவு குறைந்த மட்டையே நேரான அடியைக் கற்பிக்கும்.

5. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள். ஹாக்கியில் இடக்கை மட்டை என்பது கிடையாது. எல்லா மட்டைகளுக்கும் இடப்பக்கமே தட்டையானது. அதனாலும் விளிம்பாலும் மட்டுமே பந்தை ஆடலாம். இடக்கைப் பிள்ளை இவ்வாட்டத்துக்கு ஆகாது என எண்ண வேண்டா. மட்டையின் உச்சியைப் பிடித்துத் திருப்புவது இடக்கையே. அப்பழக்கம் அவர்களுக்குத் துணையாகும்.

6. பராமரிப்பு. கூட்டுநார் மட்டையில் விரிசல் விழுந்தால் நார் முனைகள் ஊசிபோல் வெளியே நீட்டும். அத்தகைய மட்டையை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். நண்பகல் வெயிலில் மகிழுந்தின் பின்பெட்டியில் போட்டு வைப்பதும் நல்லதன்று. மரமட்டையாயின் மழையில் நனைந்தால் உடனே துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

மட்டைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பற்காப்புக்கும் முழந்தாள் கீழ்க் காப்புக்கும் மறவாமல் எடுத்து வையுங்கள். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து. மட்டை சிறிது மலிவாக இருப்பதால் பிள்ளைக்குக் கேடில்லை. பற்காப்பு இல்லாதிருப்பது கேடு.

பள்ளிகள் செய்யக்கூடியது

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. முசுக்கொட்டை மட்டையும் புல்திடலும் இருந்த காலத்தில் பஞ்சாபின் ஏழைச் சிறுவனும் உலக ஆட்டக்காரனாக முடிந்தது. செயற்கைத் தரையும் கார்பன் மட்டையும் வந்தபின் ஆட்டத்தின் வாயிற்படி உயர்ந்துவிட்டது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகப் புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி அரங்கம் எழுந்தது. அங்கே நம் அணி வெள்ளிப் பதக்கமும் வென்றது. கிள்ளானில் பண்டமாரான் ஹாக்கி அரங்கம் உண்டு. அரங்கங்கள் அருகிலேயே இருக்கின்றன. அவற்றுக்கும் நம் பள்ளித் திடலுக்கும் இடையே உள்ள தொலைவு கிலோமீட்டரால் அளக்கப்படுவதன்று.

2011இல் அரசாங்கம் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையை அறிவித்தது. கொள்கை ஏட்டில் நிற்காமல் திடலுக்கு வர வேண்டுமாயின் கருவி வேண்டும். ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் உயர்நிலை மட்டை ஒன்றின் விலையில், தொடக்கநிலை மட்டைகள் பல வாங்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வெவ்வேறு அளவுகளில் மட்டைகளை வாங்கிப் பள்ளியின் விளையாட்டு அறையில் வைத்தால், பிள்ளை வளர வளர அடுத்த அளவை எடுத்துக்கொள்ளும். சிறியது தம்பி தங்கையருக்குச் செல்லும். ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் மாணவர் தம் பழைய மட்டையைப் பள்ளிக்கே விட்டுச் செல்லும் வழக்கத்தையும் ஏற்படுத்தலாம். வாங்கித்தர இயலாத குடும்பத்துப் பிள்ளை, தன்னிடம் மட்டை இல்லை என்னும் ஒரே காரணத்தால் திடலோரம் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் நிலை அப்போது வராது.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி முதல் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி வரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல்லாயிரம் தமிழ்ப் பிள்ளைகள் பயில்கின்றனர். அவர்களுள் அடுத்த ஸ்ரீ சண்முகநாதன் யார் என்பதை இப்போது எவரும் அறியார். அவன் கைக்கு, அல்லது அவள் கைக்கு, முதலில் ஒரு மட்டை வந்து சேர வேண்டும். அது கார்பனாக இருக்க வேண்டுமென்பதில்லை. கைக்கு அளவாக இருந்தால் போதும்.